மலேரியா: மொட்டமாடி டேங்க்ல இருந்து 14வது நாள் மாத்திரை வரைக்கும்

எங்க வீடு ராயபுரம் பக்கம். பழைய வீடு, பின்னாடி கிணறு, மொட்டமாடில ரெண்டு தண்ணி டேங்க், ஒண்ணு யூஸ்ல இருக்கு, இன்னொண்ணு "அப்புறம் எடுத்துக்கலாம்"னு சொல்லி சொல்லியே பல வருஷமா அப்படியே கெடந்துச்சு. என் தம்பிக்கு மலேரியா வந்தப்போ வீட்ல எல்லாரும் சேர்ந்து தெரு முனைல இருக்கற கால்வாயத்தான் திட்டினோம். அப்புறம் மாநகராட்சில இருந்து வர்ற மலேரியா ஒர்க்கர் அண்ணன் ஒருத்தர் மாடி ஏறி, அந்த பழைய டேங்க்குள்ள டார்ச் அடிச்சு, ஒரு வெள்ள கரண்டில தண்ணிய மொண்டு என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. "பாரும்மா, வீட்லயே வளத்துட்டு கால்வாய் மேல பழி போடுறீங்க."

தண்ணி கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு. மேல அரிசி நொய் அளவுக்கு பழுப்பா நாலஞ்சு புழு, பாய் போட்டு படுத்த மாதிரி தண்ணி மட்டத்தோட மட்டமா படுத்து கெடந்துச்சு. கரண்டிய லேசா தட்டினதும் வெடுக்குனு பின்பக்கமா நகர்ந்து போச்சு. மலேரியா கொசுவோட புழு இப்படி படுக்கையாதான் இருக்கும், டெங்கு கொசு, சாக்கடை கொசு புழுவெல்லாம் வால தண்ணி மட்டத்துல மாட்டிக்கிட்டு தலைகீழா தொங்கும், அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்னில இருந்து இந்த நோயப் பத்தி தேடித்தேடி படிச்சது, தம்பிக்கு ரெண்டு தடவ வந்து பட்டது, எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னுதான் இது. நான் டாக்டர் இல்ல, மருந்து அளவெல்லாம் உங்க டாக்டர் எழுதறததான் சாப்பிடணும், ஆனா அவர் எழுதறது எதுக்குன்னு புரிஞ்சா நடுவுல நிறுத்த மாட்டீங்க.

முதல்ல எதனால வருதுன்னு சுருக்கமா

மலேரியாங்கற வார்த்தைக்கே இத்தாலி பாஷைல கெட்ட காத்துன்னு அர்த்தம். நாத்தம் புடிச்ச காத்துனால வருதுன்னு ஒரு காலத்துல நெனச்சாங்க, நாமளும் இன்னும் கூவத்த பாத்து அதத்தான் நெனச்சுட்டு இருக்கோம். 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்ல ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவோட வயித்த அறுத்து பாத்து அதுக்குள்ள மலேரியா கிருமிய கண்டுபிடிச்சாரு, 1902ல நோபல் வாங்கினாரு. கிருமி பிளாஸ்மோடியம்னு ஒரு ஒட்டுண்ணி. பாக்டீரியாவும் இல்ல வைரஸும் இல்ல. நம்ம ஊர்ல ரெண்டு வகைதான் முக்கியம். வைவாக்ஸ், ஃபால்சிபாரம். சென்னைல பெரும்பாலும் வைவாக்ஸ்தான், ஒடிசா ஜார்க்கண்ட் மாதிரி காட்டுப்பகுதி மாநிலங்கள்லயும் ஆப்பிரிக்காலயும் ஃபால்சிபாரம் ஜாஸ்தி. உயிரெடுக்கறதுல ஃபால்சிபாரம்தான் பெரிய ஆளு, ஆனா வைவாக்ஸும் சாதுன்னு நெனச்சுடாதீங்க.

பரப்பறது பொம்பள அனோபிலிஸ் கொசு. நோய் இருக்கறவங்கள கடிச்ச உடனே அடுத்தவங்களுக்கு ஒட்டாது, கிருமி கொசு வயித்துல வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வர சுமார் 10 நாளுக்கு மேல ஆகும். கடிச்சப்புறம் கிருமி முதல்ல போறது நம்ம கல்லீரலுக்கு. அங்க ஒரு வாரம் பத்து நாள் சத்தமில்லாம பெருகி, அப்புறம்தான் ரத்த சிவப்பணுக்குள்ள பூந்து 48 மணி நேரத்துக்கு ஒருதடவ அணுக்கள ஒடச்சுகிட்டு வெளிய வரும், அப்படி ஒடையறப்பதான் குளிரும் காய்ச்சலும். இந்த கல்லீரல் விஷயத்த மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி மாத்திரை பத்தி பேசறப்போ இதுதான் முழு கதையும்.

காய்ச்சல் எப்படி இருக்கும்

பாட்டிங்க முறைக்காய்ச்சல்னு சொல்வாங்களே அதுதான். முதல்ல குளிர், சும்மா குளிர் இல்ல, மே மாச மத்தியானத்துல மூணு கம்பளி போத்தியும் கட்டிலே ஆடும். என் தம்பி பல்லு டைப் அடிக்கற சத்தம் பக்கத்து ரூம்ல கேட்டுச்சு. அது ஒரு மணி நேரம் போல, அப்புறம் 103, 104ன்னு ஏறி தலை வெடிக்கும், வாந்தி வரும். கடைசில வேர்த்து கொட்டி பனியன் பாய் எல்லாம் நனைஞ்சு காய்ச்சல் இறங்கிடும், அடுத்த நாள் ஆள் எழுந்து உக்காந்து இட்லி கேப்பான். "சரியாயிடுச்சு"ன்னு நெனப்போம், மறுநாள் அதே நேரத்துக்கு திரும்ப ஆரம்பிக்கும்.

ஆனா புஸ்தகத்துல இருக்கற இந்த ஒழுங்கு எல்லாருக்கும் வராது. முதல் சில நாள் தினமும் வரும், சிலருக்கு விடாம அடிக்கும், குழந்தைங்களுக்கு குளிரே இல்லாம வெறும் காய்ச்சல் வாந்தின்னு போகும். அதனால "நடுக்கம் இல்ல, அப்ப மலேரியா இல்ல"ன்னு நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க.

இங்க ஒரு குழப்பம் ரொம்ப நடக்குது. காய்ச்சல்னதும் எல்லாரும் பிளேட்லெட் டெஸ்ட்டுக்கு ஓடுறாங்க, பிளேட்லெட் கொறஞ்சிருந்தா டெங்குன்னு முடிவு பண்ணி பப்பாளி இலை சாறு, நிலவேம்புன்னு இறங்கிடறாங்க. மலேரியாலயும் பிளேட்லெட் கொறையும். தம்பி விஷயத்துல நாலு நாள் இப்படித்தான் வீணாச்சு. பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் வச்சு எது டெங்கு எது மலேரியான்னு யாராலயும் சொல்ல முடியாது.

டெஸ்ட்

காய்ச்சல் வந்த அன்னிக்கே, அதிகபட்சம் மறுநாளுக்குள்ள எடுத்துடுங்க. ரெண்டு வகை இருக்கு.

ஒண்ணு ரத்த தடவல், ஸ்மியர்னு சொல்வாங்க. விரல்ல குத்தி கண்ணாடி சிலைடுல சொட்டு எடுத்து, சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. எந்த வகை, எவ்வளவு கிருமி, ரெண்டும் தெரியும். நல்லா பாக்கத் தெரிஞ்ச லேப் டெக்னீசியன் கெடச்சா இதுக்கு மேல ஒண்ணும் வேணாம். இன்னொண்ணு ரேபிட் கார்டு, பிரெக்னன்சி டெஸ்ட் மாதிரி கோடு விழும், 15-20 நிமிஷத்துல ரிசல்ட். ஒரே கார்டுல வைவாக்ஸ், ஃபால்சிபாரம் ரெண்டையும் காட்டறது கேட்டு எடுங்க.

குளிர் வர்றப்போதான் ரத்தம் எடுக்கணும்னு காத்திருக்க வேணாம், எப்ப வேணா எடுக்கலாம். ஆனா மாத்திரை போடறதுக்கு முன்னாடி எடுக்கணும், மெடிக்கல்ல கேட்டு ரெண்டு குளோரோகுயின் முழுங்கிட்டு போனா கிருமி கொறஞ்சு போய் சிலைடுல தெரியாமலே போயிடலாம். ஒருதடவ நெகட்டிவ்னு வந்தும் காய்ச்சல் விடலன்னா அடுத்த 12-24 மணி நேரத்துல திரும்ப எடுக்க சொல்லுங்க. ஒரே நெகட்டிவ்ல நிம்மதி ஆகாதீங்க.

ஃபால்சிபாரம் வந்து குணமானப்புறமும் ரேபிட் கார்டு சில வாரத்துக்கு பாசிட்டிவ்னே காட்டும், செத்த கிருமியோட புரதம் ரத்தத்துல மிச்சம் இருக்கறதால. அத பாத்து பயந்து திரும்ப மருந்து ஆரம்பிச்சவங்க இருக்காங்க. குணமாச்சான்னு பாக்க ஸ்மியர்தான்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் மாநகராட்சி நகர்ப்புற சுகாதார நிலையத்துலயும் டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம். நான் அங்கதான் போக சொல்வேன், காசுக்காக மட்டும் இல்ல, அங்க பதிவானாதான் உங்க தெருவுக்கு ஆள் வந்து டேங்க் எல்லாம் பாப்பாங்க.

மாத்திரை: இங்கதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க

வைவாக்ஸ்னா ரெண்டு மருந்து.

குளோரோகுயின் 3 நாள். கிலோவுக்கு முதல் நாள் 10 மில்லிகிராம், ரெண்டாவது நாள் 10, மூணாவது நாள் 5. பெரியவங்களுக்கு வழக்கமா கெடைக்கற 250 மில்லிகிராம் மாத்திரைல (அதுல உண்மையான மருந்து 150தான்) 4, 4, 2ன்னு வரும். வெறும் வயித்துல போட்டா கொமட்டும், சாப்பிட்டுட்டு போடுங்க. போட்ட அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா டாக்டர்கிட்ட சொல்லி திரும்ப போடணும்.

ரெண்டாவது பிரைமாகுயின் 14 நாள். கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், பெரியவங்களுக்கு பொதுவா தினமும் 15. இந்த மாத்திரைய யாருமே மதிக்கறது இல்ல. ஏன்னா மூணாவது நாளே காய்ச்சல் போயிடுது, ஆபீஸ் போக ஆரம்பிச்சாச்சு, அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு தோணும். என் தம்பி அஞ்சாவது நாளோட நிறுத்தினான். அட்டைல மிச்சம் இருந்தத நான் அலமாரில பாத்தது ஆறு மாசம் கழிச்சு, அவன் ரெண்டாவது தடவ போத்திகிட்டு படுத்தப்போதான்.

கல்லீரல்னு சொன்னேன்ல. வைவாக்ஸ் கிருமி எல்லாமே ரத்தத்துக்கு வந்துடாது, கொஞ்சம் கல்லீரல்லயே தூங்க ஆரம்பிச்சுடும். குளோரோகுயின் ரத்தத்துல இருக்கறத கொல்லும், தூங்கறத தொடக்கூட தொடாது. அது வாரக்கணக்கிலயோ மாசக்கணக்கிலயோ கழிச்சு முழிச்சு திரும்ப ரத்தத்துக்கு வரும், புதுசா ஒரு கொசு கூட கடிக்க வேணாம். அந்த தூங்கறத கொல்றதுதான் பிரைமாகுயின். காய்ச்சல் போனது குளோரோகுயின் செஞ்ச வேலை, திரும்ப வராம இருக்கறது பிரைமாகுயின் செய்யற வேலை, ரெண்டும் வேற வேற. ரெண்டாவது தடவ எங்கம்மா காலண்டர்ல 14 கட்டம் போட்டு, தம்பி மாத்திரை முழுங்கறத கண்ணால பாத்துட்டுதான் பேனா எடுப்பாங்க. சின்னப்புள்ளத்தனமா இருந்துச்சு, ஆனா வேலை செஞ்சுச்சு.

பிரைமாகுயின் எல்லாருக்கும் குடுக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு கெடையாது, 1 வயசுக்கு கீழ குழந்தைக்கு கெடையாது. அப்புறம் ஜி6பிடின்னு ஒரு என்சைம் சிலருக்கு பொறவிலயே கொறைவா இருக்கும், அவங்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்கள ஒடச்சு ரத்த சோகைல கொண்டு போய் விடும். பால் குடுக்கற அம்மாவா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடுங்க. ஜி6பிடி டெஸ்ட் எடுக்க முடிஞ்சா எடுத்துட்டு ஆரம்பிங்க. எடுக்க முடியலன்னா தினமும் யூரின் கலர கவனிங்க. கோலா மாதிரி கருப்பா போனா, உதடு நீலமா ஆனா, திடீர்னு வெளிறி மூச்சு வாங்கினா மாத்திரைய நிறுத்திட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி.

ஃபால்சிபாரம்னா குளோரோகுயின் வேலைக்கு ஆகாது, கிருமி எப்பவோ பழகிடுச்சு. ஏசிடின்னு சொல்ற கூட்டு மருந்து. நம்ம பக்கம் ஆர்ட்டிசுனேட் 3 நாள், அதோட முதல் நாள் சல்ஃபாடாக்சின்–பைரிமெத்தமின், ரெண்டாவது நாள் ஒரே ஒரு வேளை பிரைமாகுயின். வடகிழக்கு மாநிலங்கள்ல ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின். அரசு சப்ளைல வயசுக்கு ஒரு கலர்ல அட்டை வரும், பெரியவங்களுக்கு வெள்ளை. இந்த ஆர்ட்டி குடும்பமே சீனால ஒரு பழைய வைத்திய மூலிகைல இருந்து தூ யோயோங்கற அம்மா பிரிச்செடுத்தது, 2015ல அவங்களுக்கு நோபல் குடுத்தாங்க. ரெண்டு வகையும் சேர்ந்து இருந்தா ஏசிடியும் வேணும், 14 நாள் பிரைமாகுயினும் வேணும். கர்ப்பிணிக்கு மருந்து எத்தன மாசம்ங்கறத பொறுத்து மாறும், அவங்க வீட்ல வச்சு பாக்கவே கூடாது, நேரா பெரிய ஆஸ்பத்திரி.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் போடுங்க. டெங்கு இல்லன்னு உறுதியாகற வரைக்கும் ஆஸ்பிரின், புரூஃபென் பக்கம் போகாதீங்க. கஞ்சி, இளநீர், மோர், எது இறங்குதோ அது.

எப்ப ஆட்டோ பிடிக்கணும்

பேச்சு கொழறுது, ஆள் அடையாளம் தெரியல, வலிப்பு. புடிக்காம உக்கார முடியல. எத குடிச்சாலும் வாந்தி. கண்ணு மஞ்சள். யூரின் கருப்பா வருது இல்லன்னா நாள் முழுக்க வரவே இல்ல. மூச்சு வாங்குது, எங்கயாவது ரத்தம் கசியுது. இதுல ஒண்ணு இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, ஃபால்சிபாரம் ஒரு நாள் ரெண்டு நாள்லயே மூளை வரைக்கும் போயிடும். 108க்கு அடிங்க. அங்க ஆர்ட்டிசுனேட் ஊசி போடுவாங்க, சேர்த்த உடனே, 12வது மணி நேரம், 24வது மணி நேரம், அப்புறம் தினம் ஒண்ணு. ஆள் தெளிஞ்சதும் மாத்திரையா ஏசிடி முழு கோர்ஸும் முடிக்கணும், ஊசியோட நிறுத்திட்டு டிஸ்சார்ஜ் வாங்கக் கூடாது. 5 வயசுக்கு கீழ குழந்தைங்க, கர்ப்பிணிங்களுக்கு இந்த அறிகுறி வர்ற வரைக்கும் கூட காத்திருக்காதீங்க.

வெளிநாடு போறவங்க

நைஜீரியா, காங்கோ, தான்சானியான்னு வேலைக்கு போற நம்ம பசங்க நெறைய. 2023ல உலகம் முழுக்க மலேரியால செத்தவங்க சுமார் 5,97,000 பேர், அதுல 95 சதவீதம் ஆப்பிரிக்கா. "நான் சென்னைல மலேரியா பாத்தவன்"ங்கற தைரியம் அங்க செல்லாது. போறதுக்கு முன்னாடியே டாக்டர பாத்து தடுப்பு மாத்திரை வாங்கிக்கணும். டாக்சிசைக்ளின்னா கெளம்பறதுக்கு 2 நாள் முன்னாடி ஆரம்பிச்சு தினம் ஒண்ணு, திரும்பி வந்தப்புறமும் 4 வாரம் (கர்ப்பிணி, 8 வயசுக்கு கீழ ஆகாது). ரொம்ப நாள் தங்கறவங்களுக்கு வாரம் ஒண்ணு மெஃப்லோகுயின் எழுதுவாங்க, மனநல பிரச்சனை, வலிப்பு இருந்தா அது வேணாம். ஊர் திரும்பி ஒரு வருஷத்துக்குள்ள எந்த காய்ச்சல் வந்தாலும் டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே "நான் ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன்"னு சொல்லிடுங்க. தடுப்பூசி வந்துடுச்சாமேன்னு கேப்பீங்க. வந்திருக்கு, ரெண்டு இருக்கு, 2021லயும் 2023லயும் உலக சுகாதார நிறுவனம் ஒத்துகிச்சு, ஆனா அது ஃபால்சிபாரம் ஜாஸ்தியா இருக்கற ஊர் குழந்தைங்களுக்கு, நம்மள மாதிரி போயிட்டு வர்றவங்களுக்கு இல்ல.

இப்ப டேங்குக்கு வருவோம்

கிராமத்துல மலேரியா பரப்பற கொசு வேற, ஓடை, வயல் ஓரம், குட்டைன்னு முட்டை போடும். சென்னைல பரப்பறது அனோபிலிஸ் ஸ்டீபன்சி, இது பக்கா டவுன் கொசு. அதுக்கு சுத்தமான தண்ணிதான் புடிக்கும். மொட்டமாடி டேங்க், கிணறு, சம்ப், கட்டட வேலை நடக்கற எடத்து தொட்டி. சாக்கடைல இருக்கறது கியூலெக்ஸ், அது யானைக்கால் பரப்பும், மலேரியா பரப்பாது. ஆக நீங்க கால்வாய்ல பிளீச்சிங் பவுடர் தூவச் சொல்லி போராடறதால மலேரியா ஒரு ஆள் கூட கொறையாது.

முட்டை கொசுவா ஆக ஒரு வாரம் பத்து நாள். அதனால எல்லா வேலையும் வாரத்துக்கு ஒருதடவ, எங்க வீட்ல ஞாயித்துக்கெழம காலைல. மூடி இறுக்கமா பொருந்துதான்னு பாருங்க, ஒடைஞ்ச மூடி மேல கல்லு வச்சிருக்கறதெல்லாம் மூடி இல்ல. மூடியோட முடிஞ்சு போறதில்ல, ஓவர்ஃப்ளோ பைப், காத்து பைப் ரெண்டு வாயிலயும் கொசு வலைய கட்டி கம்பி சுத்துங்க, மூடி போட்ட டேங்க்ல புழு இருக்கேன்னு திகைக்கற எல்லாருக்கும் பதில் அந்த பைப்லதான் இருக்கும். ஏணி இல்லாத டேங்க யாரும் ஏறி பாக்க மாட்டாங்க, நீங்களும் மலேரியா ஒர்க்கரும், அதனால ஒரு ஏணி போட்டு வைங்க. தண்ணி கஷ்டத்துல டிரம்ல புடிச்சு வைக்கறவங்க வாரம் ஒருதடவ காலி பண்ணி உள்பக்கம் தேய்ச்சு கழுவணும், டெங்கு கொசுவோட முட்டை ஓரத்துல ஒட்டிகிட்டு இருக்கும், அதுக்கும் சேர்த்துதான் இந்த தேய்ப்பு. யூஸ் பண்ணாத டேங்க தூக்கி எறிங்க.

கட்டடம் கட்றவங்க கவனிங்க. காங்கிரீட் மேல பாத்தி கட்டி தண்ணி நிறுத்தறீங்கள்ல, லிப்ட் குழில தேங்குதுல்ல, அது ஒவ்வொண்ணும் பண்ணை. அதோட அங்கயே ஷெட்ல தூங்கற வெளிமாநில தொழிலாளிங்களுக்கு ஊர்ல இருந்து வர்றப்பவே கிருமி இருக்கலாம். கொசுவும் கிருமியும் ஒரே எடத்துல சேர்றது அப்படித்தான். அவங்கள குத்தம் சொல்றது வீண், வந்த வாரமே டெஸ்ட் எடுத்து வலை வாங்கி குடுங்க, அவங்களுக்கும் எல்லாம் இலவசம்தான்.

புகை அடிக்கறத பத்தி என் கருத்து: அது நம்ம திருப்திக்கு. அப்ப பறந்துட்டு இருக்கற கொசு சாகும், டேங்க்ல இருக்கற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த வாரம் புதுசு வரும். கொசு வலை பழைய ஆயுதம், இன்னும் அதுக்கு ஈடு இல்ல, அனோபிலிஸ் கடிக்கறது பெரும்பாலும் பொழுது சாஞ்சதுல இருந்து விடியற வரைக்கும்தான், மாடில படுக்கறவங்க கண்டிப்பா கட்டுங்க.

அலட்சியத்தோட வெல தெரியணும்னா ரெண்டு ஊர் கதை போதும். இந்தியால 1961ல வருஷத்துக்கு 50,000 கேஸ் அளவுக்கு இறக்கிட்டாங்க, ஒழிஞ்சுதுன்னு கைய விட்டதும் 1976ல 64 லட்சத்த தாண்டுச்சு. இலங்கைல அதே மாதிரி 1963ல 17 கேஸ்னு இறங்கி, அந்த பத்து வருஷம் முடியறதுக்குள்ள லட்சக்கணக்குல ஏறுச்சு. அப்புறம் விடாம வேலை பாத்து 2012க்கு அப்புறம் உள்ளூர்ல யாருக்குமே வராம பண்ணி, 2016 செப்டம்பர்ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கினாங்க. அந்த வருஷ கடைசிலயே மன்னார் கிணறுகள்ல ஒரு புது கொசு சிக்குச்சு. நம்ம ஸ்டீபன்சி. எல்லா கிணத்தையும் இறங்கி பாக்க ஆரம்பிச்சாங்க, காய்ச்சல்காரங்க யார் வந்தாலும் ரத்தம் பாக்கறத நிறுத்தல.

கிணத்துக்கு இரும்பு வலை மூடி போட்டா நல்லது, இல்லன்னா மீன். கம்பூசியா இல்லன்னா கப்பி, மாநகராட்சில கேட்டா கொண்டாந்து விடுவாங்க. எங்க கிணத்துல அந்த அண்ணன் ஒரு பாலிதீன் கவர்ல கொண்டாந்து விட்டது, இப்ப நூறுக்கு மேல ஆயிடுச்சு, புழுவ கண்ணுலயே காணோம். பிளீச்சிங் பவுடர் போட்டா மீன் செத்துடும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஜாஸ்தியாச்சேன்னு பக்கத்து வீட்டு கிணத்துக்கு தாராளமா குடுக்கலாம், ஏரி குளத்துல மட்டும் கொண்டு போய் விட்டுடாதீங்க, கம்பூசியா அங்க இருக்கற நாட்டு மீனோட முட்டைய, குஞ்சத் தின்னு தீத்துடும். அந்த பழைய டேங்க காயலான் கடைல போட்டாச்சு, எடைக்கு என்ன குடுத்தான்னு கேக்காதீங்க, எங்கப்பா இன்னும் பொலம்பறாரு.